முப்பதாம் தெரு மியூசியம்: இந்தியானாபொலிஸில் ஐந்து நாள்

அக்டோபர் 9, 2024, புதன்: பெட்டி வரவில்லை

மதுரையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி முப்பத்தைந்து மணி நேரம் கழித்து அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து இந்தியானாபொலிஸில் இறங்கினேன். இரண்டு பெட்டியில் ஒன்றுதான் வந்தது. அது என் துணிமணிப் பெட்டி. வராமல் போனதில்தான் தங்கை பிள்ளைகளுக்கானது எல்லாம் இருந்தது. பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை, பெரியவனுக்குத் தட்டையும் சீடையும், தங்கைக்கு மோர்மிளகாய், வெங்காய வடகம், அப்புறம் மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்துக் கடையில் பேரம் பேசி வாங்கிய மரச்சொப்பு ஒரு செட். கவுண்டரில் இருந்த பெண் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாக எழுதிக்கொண்டாள். "உள்ளே என்னென்ன?" என்று கேட்டபோது சொப்புக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கையால் அடுப்பு, குடம், உரல் என்று காட்டினேன். அவள் சிரித்துவிட்டு 'பொம்மைச் சமையலறை' என்று எழுதிக்கொண்டாள். எப்போது வரும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

தங்கைக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம், நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன மே மாதம் நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இனி சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. வீடு கார்மெல் என்ற ஊரில், நகரத்துக்கு வடக்கே. ராத்திரி ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாப்பிட்ட தட்டிலேயே தூங்கியிருப்பேன்.

அக்டோபர் 10, வியாழன்: செத்த காலேஜும் இந்த மியூசியமும்

விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கீழே வந்தால் மாப்பிள்ளை எனக்கு முன்பே எழுந்து டிகாக்ஷன் இறக்கிவைத்திருந்தார். "முதல் மூணு நாள் இப்படித்தான் அக்கா இருக்கும்" என்றார். வெளியே நல்ல குளிர், புல்லெல்லாம் பனி. பத்து மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வெயில் வந்துவிட்டது.

பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை என்பதால் பிள்ளைகள் வீட்டில். பாப்பாதான் "பெரிம்மா, மியூசியம் போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கார்மெல் ஊரில் சிக்னலே காணோம், எங்கு பார்த்தாலும் ரவுண்டானா, 150-க்கு மேல் இருக்கிறதாம். தூங்காத உடம்பு, சுற்றிச் சுற்றிப் போகிற கார், ஆறாவது ரவுண்டானாவில் நிறுத்தச் சொல்லி இறங்கி ஓரமாக நின்றுவிட்டேன். பின்னால் நாய் நடத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றும் விடாமல், எனக்குச் சரியாகும்வரை இரண்டடி தள்ளி நின்றுவிட்டுத்தான் போனார்.

அது இந்தியானாபொலிஸ் குழந்தைகள் மியூசியம், நகரத்துக்குள்ளே, மெரிடியன் தெருவும் 30-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில். தூரத்திலேயே அலமோசாரஸ் என்ற நெட்டைக் கழுத்து டைனோசர்கள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவது போல நிற்கின்றன. கார் நிறுத்தக் காசு இல்லை. நுழைவுச்சீட்டு முன்கூட்டியே நாள் குறித்து வாங்கினால் குறைவு, அன்றைக்கே போய் நின்றால் கூடுதல். தங்கை வருடச் சந்தா கட்டியிருக்கிறாள். உள்ளே போனதும் பல அடி உயரத்துக்கு ஒரு நீர்க்கடிகாரம், கண்ணாடிக் குடுவைகளில் நிறம் போட்ட தண்ணீர் ஏறி ஏறி மணி காட்டுகிறது. பாப்பா அதன் முன் நின்று நேரம் சொன்னாள், சரியாகவே சொன்னாள்.

மதராஸில் எங்கள் பாட்டி எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்லுவாள். மிருகக்காட்சிச் சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். அங்கே திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, ஆனால் அதோடு சேர்ந்து நினைவிருப்பது "தொடாதே, ஓடாதே, பேசாதே". முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் அதே மூன்றையும் நானும் சொல்லியிருக்கிறேன். இங்கே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம். எல்லாப் பிள்ளைகளும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் ரூபன் வெல்ஸ் என்ற நீராவி இன்ஜின். 1868-இல் செய்தது, 55 டன். இதே இந்தியானாவில் மேடிசன் என்ற ஊரில் மிகச் செங்குத்தான மலைத்தடத்தில் ரயில் பெட்டிகளைத் தள்ளி ஏற்றுவதற்கென்றே கட்டியது. அதன் பக்கத்தில் தன்னார்வலராக நின்ற ஒரு முதியவரிடம் தங்கை என்னைப் பள்ளி ஆசிரியை என்று அறிமுகம் செய்ததுதான் தாமதம், ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அறுபதுகளில் சின்னப் பையனாக இங்கே வந்திருக்கிறாராம். அப்போது இது ஒரு பழைய மாளிகை. உள்ளே ஓர் எகிப்திய மம்மி, வெனுஹோடெப் என்று பெயர். அதைப் பார்க்க அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போவாராம். சிகாகோ பல்கலைக்கழகம் இரவலாகக் கொடுத்த மம்மி அது. 2007-இல் திரும்ப அனுப்பிவிட்டார்கள். "என் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்ட முடியவில்லை" என்று இன்னும் வருத்தப்படுகிறார்.

மியூசியத்தின் கதையையும் அவரிடமிருந்துதான் கேட்டேன். மேரி ஸ்டூவர்ட் கேரி என்ற பெண்மணி 1924-இல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இருந்த குழந்தைகள் மியூசியத்தைப் பார்த்திருக்கிறார். உலகத்திலேயே பிள்ளைகளுக்கென்று முதலில் தொடங்கிய மியூசியம் அது, 1899-இல். ஊர் திரும்பியதும் நம் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1925-இல் ஒரு குதிரைவண்டிக் கொட்டகையில் ஆரம்பித்துவிட்டார். வைப்பதற்குப் பொருள்? பள்ளிப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு மியூசியம் பிள்ளைகளிடம் கை நீட்டித் தொடங்கியிருக்கிறது! அப்புறம் இடம் மாறி மாறி, கொஞ்ச காலம் கேரியின் சொந்த வீட்டிலேயே நடந்து, 1946-இல் 30-ஆம் தெரு மாளிகைக்கு வந்து, 1976-இல் அதே இடத்தில் இன்றைய கட்டடம். இப்போது ஐந்து தளம், 4,72,900 சதுர அடி, குழந்தைகள் மியூசியங்களில் உலகத்திலேயே பெரியது, வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள்.

மேல் மாடியில் ஒரு ராட்டினம். 1917-இல் ஊருக்கு வடக்கே பிராட் ரிப்பிள் பூங்காவில் ஓடியது, 1956-இல் கூரை விழுந்து நின்றுபோனது. மரக்குதிரை, ஆடு, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் எல்லாம் கிட்டங்கியில் கிடந்தவை. மில்ட்ரெட் காம்ப்டன் என்ற இயக்குநர்தான் அவற்றைத் தேடி மீட்டிருக்கிறார், புதுக் கட்டடத்தின் வரைபடத்தையே இதற்காக மாற்றினார்களாம். நானும் ஏறினேன். குதிரையின் கழுத்தில் கையை வைத்தால் மரத்தின் மேல் பூசிய பெயின்டுக்கு அடியில் உளி போன தடம் விரலில் நெருடுகிறது.

மதியம் அங்கேயே பீட்சா, பழம், பால். நாலு பேருக்கு 50 டாலரைத் தாண்டிவிட்டது. இனிமேல் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவதென்று முடிவு.

ராத்திரி எட்டு மணி இருக்கும், பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, வானத்தைப் பாருங்கள் என்றார். வடக்குப் பக்கம் வானம் முழுக்க ரோஜா நிறம், நடுவில் பச்சைக் கீற்று. துருவ ஒளி! இவ்வளவு தெற்கே தெரிவது அபூர்வமாம். தெருவே ஸ்வெட்டரும் செருப்புமாக வெளியே வந்து நின்றது, அதுவரை பேர் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் போனில் எடுத்த படத்தைக் காட்டிக்கொண்டார்கள். பாப்பா என் சேலைத் தலைப்புக்குள் புகுந்துகொண்டு பார்த்தாள்.

அக்டோபர் 11, வெள்ளி: தனியாக ஒரு பஸ் பயணம்

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபீஸ். எனக்கு அந்த முப்பதாம் தெருவை வெளியிலிருந்து பார்க்க வேண்டும். பிராட் ரிப்பிளில் இறக்கிவிடச் சொல்லி அங்கிருந்து ரெட் லைன் பஸ். பேட்டரியில் ஓடுகிறது, சத்தமே இல்லை, கட்டணம் 1.75 டாலர் கொடுத்தேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு நகரத்தின் நடுவில் போய் இறங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நிற்கத் தெரியாமல் அதே திசையில் போகும் அடுத்த பஸ்ஸிலும் ஏறி, இன்னும் தெற்கே போய்விட்டேன். போனில் சார்ஜ் பத்து சதவீதம். கொஞ்சம் பயந்துதான் போனேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு கறுப்பினப் பாட்டியம்மா, இரண்டு பேரப்பிள்ளைகளோடு. என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். அவரும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும், மருத்துவரைப் பார்த்துவிட்டு அரை மணியில் திரும்புகிறேன், கூட வாருங்கள் என்றார். கிளினிக் வாசலில் காத்திருந்து அவருடனேயே வந்தேன். பேரப்பிள்ளைகள் தின்னக் கொடுத்த சோளப்பொரி உப்பாக, வெண்ணெயாக, அவ்வளவு ருசி.

அவர் வீடு மியூசியத்துக்கு நாலு தெரு தள்ளி. சுற்றுப்பட்டுத் தெருக்காரர்களுக்கு உள்ளே போக இலவசம், அதனால் பேரப்பிள்ளைகளுக்கு அது பூங்கா மாதிரி, நினைத்தால் போவார்கள். உள்ளேயே நகரப் பொதுநூலகத்தின் ஒரு கிளை இருக்கிறது, புத்தகம் எடுத்து வருவார்கள். கோடை விடுமுறையில் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கென்று ஸ்டார்பாயின்ட் என்ற முகாம். மற்ற ஏரியாவில் அரசாங்க உணவு உதவி வாங்கும் குடும்பங்களுக்கும் சில டாலரில் நுழைவு உண்டு. "எல்லாம் பேசித்தான் வந்தது" என்றார் அந்த அம்மா. ஒரு காலத்தில் வசதியானவர்கள் எல்லாம் வடக்கே புறநகருக்குப் போய்விட, இந்தப் பக்கம் வீடுகள் காலியாகிக் கிடந்தன. மியூசியம் போகவில்லை, இங்கேயே கட்டியது. அது நல்லதுதான், ஆனால் வளர வளர அதற்கு நிலமும் வேண்டுமே. சில வருடம் முன்பு பக்கத்தில் இருக்கும் பழைய அடுக்குமாடி ஒன்றை இடிப்பதாகச் சொன்னபோது ஊர்க்காரர்கள் கூடிச் சண்டை போட்டிருக்கிறார்கள். இடிக்கவில்லை. அந்தக் கட்டடத்தை அவரே கூட்டிப்போய்க் காட்டினார்.

சண்டை போட்டதையும் பேரப்பிள்ளைகளை அங்கே அனுப்புவதையும் ஒரே மூச்சில் சொன்னார். சொந்த வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிற இடத்தில்தான் மனுஷன் சண்டை போடுவான். எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொட்டகை போட வந்தபோது எங்கள் தெரு ஜனங்கள் வந்து நின்றார்கள், அந்த முகங்கள் ஞாபகம் வந்தன.

மியூசியத்தின் வெளிப்புறத் தோட்டத்தில் ஒரு குதிரைச் செஸ்நட் மரக்கன்று வளர்கிறது. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஒளிந்திருந்த வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் வம்சம். அமெரிக்காவுக்கு வந்த பதினொரு கன்றுகளில் முதலாவதை 2013-இல் இங்கேதான் நட்டார்கள். பேரப்பிள்ளைகள் அதைச் சுற்றி உதிர்ந்த இலை பொறுக்கினார்கள். பிரியும்போது அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் என் பெட்டி! ஒரு சக்கரம் உடைந்து, பிடி வளைந்து. தட்டை பாதி நொறுங்கிவிட்டது. சொப்பில் அம்மிக் குழவி மட்டும் காணவில்லை.

அக்டோபர் 12, சனி: ரயனின் அறை

காலையில் பாப்பா சொப்பை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்திருந்தாள். குடம், உரல், திருகை, அடுப்பு, குழவி இல்லாத அம்மி. சிவப்பு, பச்சை அரக்குப் பூச்சு, வெயில் பட்டு மின்னியது. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டாள். திருகையைச் சுற்றி உளுந்து உடைப்பதைக் காட்டினேன். எங்கள் அம்மா வீட்டில் நிஜத் திருகை இருந்தது, உனக்கு ஆச்சி, என்றேன். அதையும் கொண்டுவந்திருக்கலாமே என்றாள்.

புளிசாதம் கட்டிக்கொண்டு மறுபடியும் மியூசியம். இன்று பெரியவன் கணக்கு. முதலில் டைனோசர். முன்பு வட்டத்திரை சினிமா அரங்காக இருந்த இடத்தை 2004-இல் டைனோசர் கூடமாக மாற்றியிருக்கிறார்கள், மேற்கூரையில் வானம் இருண்டு இடி இடிக்கிறது. அங்கே ஒரு மண்டையோட்டுக்கு 'ட்ராகோரெக்ஸ்' என்று பெயர், டிராகன் ராஜா. இங்கே வந்துபோகும் பிள்ளைகளை வைத்துத்தான் அந்தப் பெயர் பிறந்தது. பெரியவன் அதைத் தானே வைத்த பெயர் போலச் சொன்னான். அப்புறம் டேல் சிஹுலி என்ற கலைஞர் செய்த கண்ணாடிக் கோபுரம், 43 அடி, சாய்தளம் அதைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. கீழே சுழலும் இருக்கையில் மல்லாந்து படுத்துப் பார்க்கலாம். படுத்தேன், நேரமாற்றத்தில் கண் சொக்கிவிட்டது. பெரியவன்தான் உலுக்கி எழுப்பினான்.

அவன் கூட்டிப்போன கடைசி இடத்தைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டும். 2007-இல் தொடங்கிய நிரந்தரக் கண்காட்சி. ஆன் ஃபிராங்க், 1960-இல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்குள் ஒரே கறுப்பினப் பிள்ளையாக நடந்துபோன ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், ரயன் வைட், பிற்பாடு 2021-இல் சேர்த்த, பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பேசியதற்காகச் சுடப்பட்ட மலாலா. நாலு பிள்ளைகளின் கதை. ரயன் இதே இந்தியானாக்காரன், கோகோமோ ஊர். ரத்தம் உறையாத நோய்க்குக் கொடுத்த மருந்து வழியாக எய்ட்ஸ் வந்து, 1984 டிசம்பரில் தெரியவந்தபோது வயது 13. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர்கள் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது. குடும்பமே ஊரைவிட்டு 1987-இல் சிசரோ என்ற ஊருக்குப் போனது. அங்கே மாணவர் தலைவர்கள் அவன் வருவதற்கு முன்பே இந்த நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பள்ளி முழுக்கப் பேசிவைத்திருந்தார்கள். முதல் நாள் பிள்ளைகள் கை குலுக்கி வரவேற்றார்கள். 1990 ஏப்ரல் 8-ஆம் தேதி, 18 வயதில், இந்தியானாபொலிஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்த வருடமே எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் சட்டம் அவன் பெயரில் வந்தது.

மியூசியத்தில் இருப்பது அவனுடைய படுக்கையறை. அம்மா கொடுத்த அவனுடைய சொந்தச் சாமான்கள். கட்டில், சுவர் நிறையப் படங்கள், விளையாட்டுப் பொம்மைகள். பத்தாம் வகுப்புப் பையன் இப்போதுதான் எழுந்து பல் தேய்க்கப் போனது போல. நான் எத்தனையோ வீடுகளில் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையே என்று விசாரிக்கப் போய் இப்படி ஓர் அறைவாசலில் நின்றிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பள்ளியிலும் ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு இந்த நோய் என்று தெரிந்து, பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். அவள் இரண்டு மாதம் தனி பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், ஆனால் வகுப்பில் மற்றவர்களிடம் உட்கார்ந்து பேசவில்லை. சிசரோவில் பதினேழு வயதுப் பிள்ளைகள் செய்ததை நான் செய்யவில்லை.

ரயனுக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களை அவன் அம்மா இந்த மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் பிள்ளைகள் எழுதியவை. அவற்றைப் படம் பிடித்து இணையத்தில் வைத்து, கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தரும்படி பொதுமக்களையும் மாணவர்களையும் கேட்டார்கள், செய்தும் கொடுத்திருக்கிறார்கள். நூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் இந்த இடம் ஊரிடம் கை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வெளியே வரும் வழியில் ஒரு வாக்குறுதி மரம், அதற்கு நீ என்ன செய்வாய் என்று ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெரியவன் கையால் மறைத்துக்கொண்டு எழுதினான்.

சாயங்காலம் பேய்வீடு. அக்டோபரில் மட்டும், 1964-லிருந்து ஒவ்வொரு வருடமும், தன்னார்வப் பெண்கள் சங்கம் ஒன்று நடத்துகிறது. வருகிற பணம் மியூசியத்துக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு விளக்கைப் போட்டு வைத்திருக்கும் நேரம் தனி. பாப்பா ஒரு பேயிடம் "உங்க பேர் என்ன?" என்று தமிழில் கேட்டாள், அது முகமூடியைத் தூக்கி அவளைப் பார்த்துக் கையசைத்தது.

அக்டோபர் 13, ஞாயிறு: சிசரோ

ஆப்பிள் தோட்டத்துக்குக் கிளம்பினோம். பறித்துத் தின்ற ஆப்பிள் கடித்ததும் நீர் தெறித்தது, ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்து சுட்ட டோனட் சூடாக, மேலே பட்டைப்பொடியும் சர்க்கரையும். நம்ம ஊர் அதிரசம் மாதிரி எண்ணெய் வாசனை. ஒரு டஜன் வாங்கினோம்.

திரும்பும் வழியில் 'சிசரோ' என்ற பலகையைப் பார்த்ததும் பெரியவன் காரை நிறுத்தச் சொன்னான். சின்ன ஊர், ஏரிக்கரையில் சிவந்த மரங்கள், படகுகள், ஞாயிற்றுக்கிழமை அமைதி. கரையில் பெஞ்சில் உட்கார்ந்து மீதி டோனட்டைப் பிரித்தோம். காற்று குளிர ஆரம்பித்திருந்தது. ஒரு பையன் சைக்கிளில் போனான், எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு.

"அந்த மரத்துக்கு என்னடா எழுதிக் கொடுத்தே?" என்று பெரியவனிடம் கேட்டேன்.

"சொல்ல மாட்டேன் பெரிம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அந்த அக்காவைத் தேடிப் பார்த்தீங்களா, தனி பெஞ்சுல உக்காந்தவங்க?" என்று கேட்டான். நேற்று நான் தங்கையிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறான் போல.

அவளுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஊருக்குப் போனதும் பழைய வருகைப் பதிவேட்டில் முகவரி தேட வேண்டும்.